மிடுக்கு குறைவு என்று நான் எழுதிய கடிதம்

கட்டொழுங்கு ஆசிரியர் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். முதலில் என் அனுதாபங்கள். இந்தப் பொறுப்பை யாரும் கேட்டு வாங்குவதில்லை. ஆண்டு முதல் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொள்ளக் கொஞ்சம் தாமதித்தவருக்கு இது போய்ச் சேரும். எனக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம் மீசை. எங்கள் பள்ளியிலேயே பெரிய மீசை என்னுடையது. அதற்கு மேல் ஒரு தகுதியை அன்று யாரும் என்னிடம் தேடவில்லை, நானும் பிறகு வளர்த்துக்கொள்ளவில்லை. மீசையை மட்டும் வளர்த்தேன்.

பதினேழு ஆண்டு இந்த வேலையைப் பார்த்து ஓய்வு பெற்றவர் நீங்கள், புதியவர்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நல்ல வார்த்தைகளாகத் தேடிப் பிடித்து எழுதித்தான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். அதையே சொல்கிறேன்.

என்னைப் பற்றி ஒரு சுருக்கம். பெம்பானுக்குப் போகும் சாலையில், எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி இருந்த சிறிய தமிழ்ப்பள்ளி எங்களுடையது. காலைச் சபைகூடலில் நான் ஒலிபெருக்கியைத் தொட்டதே இல்லை. ஓர் அதட்டல் போட்டால் கெண்டினில் தட்டு கழுவுகிற அக்காகூட நிமிர்ந்து நிற்பார். மாணவர்கள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் சிங்கம் என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தேன். ஓய்வு பெற்ற அன்றுதான் ஒரு பழைய மாணவன் உண்மையைச் சொன்னான். லோரி ஹார்ன். சத்தம் மட்டும் வரும், லோரி வராது என்று விளக்கமும் கொடுத்தான்.

அவன் சொன்னது சரிதான். புக்கிட் பெருவாங்கில் என் வீட்டில் பல்லி விழுந்தால் நான் மனைவியைத்தான் கூப்பிடுவேன். அவருக்குத் தோள்வலி வந்ததிலிருந்து புடவைகளுக்குக் கொசுவம் வைத்து இஸ்திரி போட்டு அடுக்குவதும் நான்தான். நன்றாகவே செய்வேன். ஆனால் சன்னல் திரையை இழுத்து மூடிவிட்டுத்தான் செய்வேன். எதிர் வீட்டில் என் பழைய மாணவன் ஒருவன் குடியிருந்தான்.

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு தலைமையாசிரியர் இருந்தார். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றே ஒன்று. எது நடந்தாலும் எழுதி வை. எழுதி, கையெழுத்துப் போட்டு, பள்ளியின் சாப் முத்திரையை அடித்து, ஒரு பிரதியைக் கோப்பில் போடு. அதற்குப் பிறகு உன்னை யாரும் அசைக்க முடியாது என்றார். நல்ல அறிவுரை, இன்றும் உங்களுக்கு அதைத்தான் சொல்வேன். என்னைப் பலமுறை காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அது எழுதுகிறவனைத்தான் காப்பாற்றும். யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவன் கதி என்ன என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

லோகேஸ்வரன் என் கண்ணில் பட்டது, நான் ஓய்வு பெற இரண்டு ஆண்டு இருக்கும்போது. அப்போது அவன் ஆறாம் ஆண்டு மாணவன். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அம்மா விடியற்காலையில் வேன் ஏறி ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலைக்குப் போகிறவர். பையன் எந்தக் குற்றமும் செய்யவில்லை. தாமதமாக வந்ததில்லை, வீட்டுப்பாடம் எழுதாமல் இருந்ததில்லை, ஒருவன் மேலும் கைவைத்ததில்லை. நடை கொஞ்சம் ஒயிலாக இருக்கும். சிரித்தால் கையால் வாயை மூடிக்கொள்வான். ஓய்வு நேரத்தில் பையன்கள் காற்பந்து ஆடும் திடலைச் சுற்றிக்கொண்டு போய், பெண்பிள்ளைகளோடு வலைப்பந்து ஆடுவான்.

நம் பள்ளிகளில் வலைப்பந்து பெண்பிள்ளைகளின் ஆட்டம். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் முதலாம் ஆண்டுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். லோகேஸ் அதில் கெட்டிக்காரன். வளையத்துக்குக் கீழே நின்று, முழங்காலை லேசாக மடக்கி எறிந்தானானால் பந்து தவறுவது அபூர்வம். மாவட்டப் போட்டிக்கு அணியைத் தயார் செய்துகொண்டிருந்த இளம் டீச்சர், போட்டியில் அவனை இறக்க முடியாது என்று தெரிந்தும் பயிற்சிக்கு மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்த வருடம் எங்கள் பெண்பிள்ளைகளுக்கு எறியச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான்.

எனக்கு இது பொறுக்கவில்லை. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று எனக்கு நானே நற்சான்றிதழ் வழங்கிக்கொண்டேன். அடுத்த ஆண்டு இடைநிலைப்பள்ளிக்குப் போகப் போகிறான். அங்கே பெரிய பெரிய பையன்கள். இப்படியே போய் நின்றால் அவனைச் சும்மா விடுவார்களா? ஆகவே இப்போதே அவனை மாற்றிவிட வேண்டும். அடிக்கப் போகிறவர்களை யாராவது மாற்றலாமே என்ற யோசனை எனக்கு வரவே இல்லை. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். அவன் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லையே சார் என்றார். உங்களுக்கு அனுபவம் போதாது டீச்சர் என்றேன். கையில் வேறு பதில் இல்லாதபோது நம் வயதுக்காரர்கள் சொல்வது அதைத்தான். உங்களிடமும் யாராவது சொல்வார்கள்.

அவனுக்காக ஒரு திட்டம் தீட்டினேன். கோப்பின் மேல் 'தன்னம்பிக்கைத் திட்டம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். திட்டத்தில் ஒரே ஒரு மாணவன், ஒரே ஒரு நடவடிக்கை. காற்பந்து. எனக்கோ காற்பந்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் மாமாக் கடையில் தே தாரேக் டீ குடித்துக்கொண்டே பெரிய திரையில் பார்த்தது மட்டும்தான். இருந்தாலும் ஒரு விசில் வாங்கினேன், ஒரு தொப்பி வாங்கினேன். லோகேஸை கோல் கம்பத்துக்கு நடுவே நிறுத்தினேன். அங்கே அதிகம் ஓட வேண்டாம், கையால் பந்தைப் பிடிக்கலாம், வலைப்பந்துக்காரனுக்கு ஏற்ற இடம் என்று என் மூளை சொல்லியது.

முதல் பந்து வந்தது. லோகேஸ் ஒதுங்கி அதற்கு வழி விட்டான். உள்ளே போன பிறகு அதை எடுத்து, ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டு, உதைத்தவனிடம் மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஏன்டா பிடிக்கவில்லை என்று கத்தினேன். வேகமாக வந்தது சார் என்றான். அந்தப் பதிலில் என்னால் ஒரு பிழையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

ஒருநாள், எப்படிப் பிடிப்பது என்று காட்டுவதற்காக நானே கம்பத்துக்கு நடுவே நின்றேன். ஐந்தாம் ஆண்டுப் பொடியன் ஒருவன் உதைத்த பந்து நேராக வந்து வயிற்றில் பட, நான் புல்லில் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி எங்கோ போய் விழுந்தது. பையன்கள் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஓடிவந்து கண்ணாடியைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்துக் கொடுத்தவன் லோகேஸ். வலிக்கிறதா சார் என்று கேட்டான். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. விழுந்த வெட்கம்தான் கூடிக்கொண்டது.

மூன்றாம் வாரம் அவன் வரவில்லை. வலைப்பந்துத் திடலில் இருந்தான். விசில் அடித்துக் கூப்பிட்டேன். வந்து நேராக நின்றான்.

"ரெண்டு வாரம் வந்தேன் சார். எனக்குப் புடிக்கல. இனிமே வரல சார்."

தலையைக் குனியவில்லை. குரல் நடுங்கவில்லை. பதினைந்து ஆண்டில் என் முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொன்ன முதல் மாணவன் அவன்தான். பெரிய பெரிய ரௌடிப் பிள்ளைகள்கூட என்னிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லித்தான் தப்பித்திருக்கிறார்கள். இந்தப் பையனுக்குத்தான் தன்னம்பிக்கை இல்லை என்று நான் கோப்பு திறந்து வைத்திருந்தேன்.

கோபம் தலைக்கேறியது. அன்று மதியமே அவன் அப்பாவுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் எழுத்துத் தமிழில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கோபத்தில் இன்னும் அழகாக வரும். 'தங்கள் அன்பு மகனிடம் ஆண்பிள்ளைக்குரிய மிடுக்கு மிகவும் குறைந்து காணப்படுகிறது. நடை, பேச்சு, பழக்கவழக்கம் ஆகியவற்றில் பெண்மைச் சாயல் மேலோங்கியுள்ளது. காலம் தாழ்த்தாது தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.' மூன்று தடவை படித்துப் பார்த்தேன். 'காலம் தாழ்த்தாது' என்ற இடம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. தக்க நடவடிக்கை என்றால் என்ன என்று யாராவது கேட்டிருந்தால் எனக்கே தெரியாது. கையெழுத்துப் போட்டு, சாப் அடித்து, ஒரு பிரதியைக் கோப்பில் போட்டேன்.

மறுநாள் லோகேஸ் பள்ளிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மூன்றாம் நாள் காலை அப்பாவும் மகனும் என் அறை வாசலில் நின்றார்கள். அப்பா நல்ல உயரம், செம்பனைக் குலை தூக்கித் தூக்கி இறுகிப்போன தோள். பையனின் தலை ஒட்ட வெட்டப்பட்டிருந்தது. இடது கன்னம் லேசாக வீங்கியிருந்தது. நான் அதைப் பார்ப்பதை அப்பா பார்த்தார். நான்தான் அடித்தேன், ஓர் அறை, அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று அவரே சொன்னார். அடித்தது அவர் கை. அடிக்கச் சொல்லி எழுதியது நான்.

அவர் கேட்டு வந்தது பள்ளி மாற்றும் விண்ணப்பப் பாரம். தன் அண்ணன் சிகாமட்டில் லோரி பட்டறை வைத்திருக்கிறாராம். பையனை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டால், பாதி நாள் பள்ளிக்கூடம், பாதி நாள் பட்டறை, கிரீஸில் கிடந்தால் தானாகச் சரியாகிவிடுவான் என்று அண்ணன் சொல்லிவிட்டாராம். என் கடிதத்தில் சில வார்த்தைகள் விளங்காததால் அதைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பியிருக்கிறார். அண்ணன் அதைக் குடும்ப வாட்சாப் குழுவில் போட்டுவிட்டார். ஈப்போவில் இருக்கும் அத்தை கோயிலுக்கு வேண்டிக்கொள்ளச் சொன்னாராம். யாரோ ஒரு சித்தப்பா சிலம்பம் கற்றுக்கொடுக்கச் சொன்னாராம். ஆளுக்கொரு வைத்தியம். என் எழுத்துக்கு அதுவரை கிடைத்ததிலேயே அதிக வாசகர்கள் அவர்கள்தான்.

தலைமையாசிரியை அன்று ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பாரம் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். கோப்பும் சுத்தமாக மூடியிருக்கும். என் கை இழுப்பறை வரைக்கும் போனது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அப்போது பையனைப் பார்த்தேன். அவன் அழவில்லை. தன் தலையைக் கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

முதலில் சமாளிக்கப் பார்த்தேன். இது எல்லாருக்கும் அனுப்புகிற பொதுவான கடிதம்தான் என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்து விரித்து என் முன் வைத்தார். அதில் 'லோகேஸ்வரன்' என்று என் கையால் எழுதியிருந்தது. வேறு வழியில்லாமல்தான் உண்மைக்கு வந்தேன்.

"தம்பி, நான் எழுதுனது தப்பு. பையன் மேல ஒரு குத்தமும் இல்ல."

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. நீங்கள் படித்தவர், சாப் அடித்துக் கொடுத்திருக்கிறீர்கள், அப்போது எழுதியதெல்லாம் பொய்யா என்று கேட்டார். பொய்யில்லை, அவன் அப்படித்தான் நடக்கிறான், அப்படித்தான் சிரிக்கிறான், ஆனால் அதை ஒரு குற்றம் போல எழுதியதுதான் தப்பு என்றேன். சொல்லச் சொல்ல என் மீசைக்குள் வியர்த்தது. வெளியே பையன்கள் சிலர் சன்னலோரம் மெதுவாக நடந்து போனார்கள். லோரி ஹார்ன் மன்னிப்புக் கேட்கிற சத்தம் எவ்வளவு தூரம் கேட்டதோ தெரியாது.

அப்பா கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு மகனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்.

"நான் படிச்ச ஸ்கூல்லயும் இந்த மாதிரி ஒருத்தன் இருந்தான் சார். அவன அடிச்ச கூட்டத்துல நானும் ஒரு ஆளு. பாதியிலேயே படிப்ப விட்டுட்டுப் போய்ட்டான். இவனுக்கும் அதான் நடக்கும் சார். எனக்குத் தெரியும். அதான் பயமா இருக்கு."

என் பயமும் அதுதானே. அதை மறைத்துக்கொண்டுதானே நானும் விசில் வாங்கினேன். இரண்டு ஆண்பிள்ளைகள், இரண்டு பேரும் பயந்துபோய், இந்தப் பையனை என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தோம். பதில் சொன்னவன் அவன்தான்.

"அங்க போனாலும் நான் இப்படித்தான்பா இருப்பேன். அங்க அம்மா இருக்க மாட்டாங்க, அவ்ளோதான்."

எதிர்த்துப் பேசுகிற குரலில்லை அது. கணக்குக்கு விடை சொல்வதைப் போலச் சொன்னான். அப்பா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் இறங்கியதை நான் பார்த்தேன். எனக்கும் கண் கலங்கியது. கண்ணாடியைத் துடைப்பதாகப் பாவனை செய்தேன்.

மறுபடி என் பக்கம் திரும்பிய அப்பா, வாயால் சொன்னால் போதாது சார், எழுதிக் கொடுங்கள், குழுவில் போட வேண்டும் என்றார். எழுதத் தொடங்கினேன். நான்கு தாள் கிழித்தேன். குறை சொல்லி எழுதுவதற்கு நம்மிடம் எத்தனையோ வாசகங்கள் தயாராக இருக்கின்றன, குறை இல்லை என்று எழுத ஒன்றுகூட இல்லை என்பது அன்றுதான் தெரிந்தது. கடைசியில் இரண்டே வரி. 'லோகேஸ்வரனிடம் எந்தக் குறையும் இல்லை. முந்திய கடிதத்தில் நான் எழுதியது என் தவறு.' அப்பா நிதானமாகப் படித்துவிட்டு, இதற்கும் சாப் அடியுங்கள் சார் என்றார். அடித்தேன். அதன் பிறகு குடும்பக் குழுவில் பேச்சு முழுவதும் என்னைப் பற்றித்தானாம். அந்த வாத்தியாருக்குத்தான் ஏதோ கோளாறு என்று ஈப்போ அத்தை முடிவு கட்டிவிட்டாராம். எனக்காகவும் கோயிலுக்கு வேண்டிக்கொண்டாரா தெரியவில்லை.

லோகேஸ் எங்கள் பள்ளியிலேயே ஆறாம் ஆண்டை முடித்தான். ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போன பிறகு எனக்கு மனசு ஆறவில்லை. பதினைந்து ஆண்டில் இவனைப் போல எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். பாடத் தெரிந்த ஒருவன், அடிக்கடி அழுத ஒருவன், பெண்பிள்ளைகளுக்குப் பின்னல் போட்டுவிட்ட ஒருவன். எல்லாரையும் நிமிர்த்திவிட்டதாகக் கூட்டங்களில் பெருமையாகப் பேசியிருக்கிறேன். அவர்கள் யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை, நான் சொன்னபடி நின்றார்கள். அவர்களுடைய அப்பாமார் யாரும் என் கடிதத்தைத் திருப்பிக் கொண்டுவரவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கதையை இங்கேயே முடித்திருந்தால் நான் நல்லவனாக முடிந்திருப்பேன். மறு ஆண்டு, லோகேஸ் இடைநிலைப்பள்ளியில் முதல் படிவ வகுப்பில் இருந்தபோது, ஒருநாள் அப்பா கைப்பேசியில் கூப்பிட்டார். பையனைக் கழிப்பறையில் வைத்து அடித்துவிட்டார்கள், உதடு கிழிந்துவிட்டது, நாளைக்கு அவரைப் பள்ளிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். தனக்கு அங்கே பேச வராது, கோபம் வந்துவிடும், நீங்கள் கூட வாருங்கள் சார் என்றார். நாங்கள் இரண்டு பேரும் பயந்தது அப்படியே நடந்திருந்தது. புக்கிட் பெருவாங்கிலிருந்து கார் ஓட்டிக்கொண்டு போகும்போது தமிழிலும் மலாயிலும் ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டேன். நன்றாகவே வந்திருந்தது.

அங்கே கட்டொழுங்கு ஆசிரியர் ஒரு தமிழ்த் தம்பி. உங்களைப் போல இந்தப் பொறுப்புக்குப் புதியவர். என்னை மூத்தவர் என்று மதித்து எழுந்து நின்று வணக்கம் சொன்னார். பையன் உதட்டில் பிளாஸ்திரியோடு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தம்பி கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, பொறுமையாக, அன்பாகவே பேசினார்.

"அடிச்சது தப்புதான், நடவடிக்கை எடுக்கிறோம். ஆனா லோகேஸும் கொஞ்சம் மாத்திக்கணும் லா. நடக்குறது, சிரிக்கிறது… பசங்க சீண்டத்தானே செய்வாங்க."

சொல்லுக்குச் சொல் நான் பேசியது. குரலில் இருந்த அந்த அக்கறைகூட என்னுடையதுதான். தயார் செய்து கொண்டுபோன பேச்சில் ஒரு வார்த்தையும் எனக்கு வரவில்லை. அவரை எப்படிக் குறை சொல்வேன்? பேச வராது என்று என்னை அழைத்துப்போனவர்தான் பேசினார். கோபம் வரவில்லை அவருக்கு. இரண்டு கையையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"யாரு அடிச்சான்னு கேளுங்க சார். என் மகன் எப்படி நடக்குறான்னு கேக்காதீங்க. அவன் நடக்குறதுல ஒரு தப்பும் இல்ல."

தம்பி கோப்பைப் பார்த்தார். பிறகு அதை மூடிவிட்டு, பையன் பக்கம் நாற்காலியைத் திருப்பி, யார் அடித்தது என்று கேட்டார். லோகேஸ் மூன்று பெயர் சொன்னான். தயங்காமல் சொன்னான். யாராவது கேட்பார்கள் என்று அவன் காத்திருந்திருக்க வேண்டும்.

பதினேழு ஆண்டு நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அடிபட்டு என் முன் வந்து நின்ற ஒரு பையனிடமும் அதை முதல் கேள்வியாக நான் கேட்டதில்லை. நீ என்னடா செய்தாய் என்றுதான் கேட்டிருக்கிறேன்.